பாதிப் பந்தியில் எழுந்த சம்பந்தி

உக்கோருங்க, நல்லா உக்கோருங்க. பை ஒண்ணும் எடஞ்சலில்லீங்க, என்ற மடியிலயே இருக்கட்டும். நீங்க சன்னலோரம் போயிருங்க, எனக்கு இந்த ஓரந்தான் தோது. கோயமுத்தூருங்களா? நாங்களும் அங்கதான். நாங்கன்னா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல வெள்ளைச் சட்டை போட்டுட்டு, முதுகு வளையாம உக்காந்திருக்கறாரு பாருங்க, அவரும் நானும். காங்கயத்துல ஏறும்போது ரெண்டு பேருக்கும் ஒண்ணா எடம் கெடைக்கலீங்க. அவரு என்ற சம்பந்தி. டாக்டரு. தெய்வசிகாமணின்னு காங்கயத்துல ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஆஸ்பத்திரிக்குத்தான் போறமுங்க. எனக்கில்ல, அவருக்கு. டாக்டரப் பேசண்டு கூட்டிட்டுப் போறானேன்னு சிரிப்பு வருதுங்களா, சிரிங்க. ஒண்ணுக்குப் போற பைக்குக் கீழ புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி இருக்குதுங்க. ஆம்பளைக எல்லாருக்கும் இருக்குது, உங்களுக்கும் இருக்குது. அவருக்கு அதுல இருந்து போன வாரம் ஊசியில சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சாங்க. புத்துநோயா, இல்லையான்னு இன்னைக்குச் சொல்லிருவாங்க. அதுக்குத்தான் போயிட்டிருக்கறம்.

மெதுவாப் பேசோணும்ங்கறீங்களா? இந்த எஞ்சின் சத்தத்துல அவருக்குக் கேக்காதுங்க. மத்தபடி நான் ரகசியம்னா ரகசியந்தான். ஒரு ஈ காக்காகிட்ட மூச்சு உட மாட்டன். ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. உங்ககிட்டச் சொல்றன்னா, நீங்க ஆரோ நான் ஆரோ, கோயமுத்தூர்ல எறங்கினா நீங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.

என்ற பேரு சென்னியப்பன். காங்கயத்துல தேங்காக் களம் வெச்சிருக்கறன். தேங்கா ஒடச்சுக் காயப்போட்டுப் பருப்பெடுத்து மில்லுக்கு அனுப்பறது. இந்த மனுசன் எங்களுக்கு முப்பது வருசமா குடும்ப டாக்டருங்க. தேங்கா ஒடைக்கறப்பக் கைய வெட்டிக்கிட்டாலும் அவருதான், கொழந்தைக்குக் காச்சலுன்னாலும் அவருதான். "வாய்யா சென்னியப்பா, இன்னைக்கு என்ன கொண்டாந்திருக்கற"ம்பாரு. நாக்க நீட்டுய்யான்னா நீட்டுவன். ஊசி போடோணும் திரும்புய்யான்னா திரும்புவன். மனசுல ஒண்ணும் இருக்காது. நேரத்துக்கு மாத்தர போடலைன்னா புடிச்சுத் திட்டுவாரு பாருங்க, அந்தத் திட்டுலயே பாதி வியாதி போயிரும்.

அப்பறம் அவரு பையனுக்கு எம்பொண்ணு கோகிலாவக் கேட்டாங்க. நல்ல எடம், குடுத்தம். அன்னைக்கோட எனக்கு டாக்டரு போச்சுங்க.

போச்சுன்னா எப்படின்னு கேளுங்க. கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசத்துல தொண்ட வலின்னு போனன். என்னப் பாத்ததும் நாற்காலிய உட்டு எந்திரிச்சு, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க"ங்கறாரு. உள்ள இருந்த பேசண்ட வெளிய அனுப்பிட்டாரு. காப்பி வருது, காராபூந்தி வருது. நர்சம்மா கையக் கட்டிட்டு நிக்குது. "கொஞ்சம் வாயத் தொறங்க சம்பந்தி"ன்னாரு. எனக்கு வாயே தொறக்கலீங்க. பொண்ணக் குடுத்த எடத்துல போயி ஆன்னு நாக்க நீட்டிட்டு உக்கார முடியுங்களா? "சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க"ன்னு சொல்லிட்டு, அந்தக் காராபூந்தியையும் தின்னுட்டு வந்தன். தொண்ட வலியோட காராபூந்தி தின்னு பாருங்க ஒரு நாளைக்கு.

சரி, தொண்டைன்னா வெந்நீர் குடிச்சுச் சமாளிச்சுக்கலாம். போன ஐப்பசியில எனக்கு இந்தக் கோளாறு வந்துருச்சுங்க. ஒண்ணுக்கு வர்ற மாதிரியே இருக்கும், போயி நின்னா வராது. இல்லைன்னு வேட்டிய எறக்கிட்டு நாலு எட்டு வெச்சா, அப்பத்தான் வர்றங்கும். ராத்திரியில தூக்கமே கெடையாது. இதப் போயிச் சம்பந்திகிட்டச் சொல்ல முடியுங்களா? அவரு மேல எனக்கு மரியாதையுங்க. எனக்குன்னு வெக்கமெல்லாம் ஒண்ணுமில்ல, நான் எதையும் பட்டுன்னு பேசற ஆளு. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா.

வாழத்தண்டுச் சாறு குடிச்சன். நெருஞ்சி முள்ள வேகவெச்சுக் குடிச்சன். பார்லித் தண்ணி குடிச்சன். எல்லாமே தண்ணிதானுங்களே, உள்ள போனதெல்லாம் வெளிய வந்தாகோணுமே. இருந்த சிரமம் இன்னுங் கொஞ்சம் சேந்துது.

அப்பறம் திருப்பூர்ல இதுக்குன்னே ஒரு பெரிய டாக்டரு இருக்கறாருன்னு கேள்விப்பட்டுப் போனன். சொந்தப் பேரச் சொன்னா எப்படியும் சம்பந்தி காதுக்கு வந்துரும். டாக்டருங்களுக்குள்ள எல்லாம் பேசிக்குவாங்க. அதனால பேரு பழனிசாமின்னு குடுத்தன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தனுங்க. உள்ள இருந்து "பழனிசாமி, பழனிசாமி"ன்னு கூப்புட்டாங்க. மூணு பேரு எந்திரிச்சாங்க. அதுல நான் இல்ல. எம்பேரு எப்படா வரும்னு பாத்துட்டே உக்காந்திருக்கறன். கடைசியில கூட்டறதுக்கு வந்த அம்மா, "ஆரப் பாக்க வந்தீங்க"ன்னு கேட்டப்பத்தான் நெனப்பே வந்துது. அப்பறம் எந்த மொகத்த வெச்சுட்டு உள்ள போறது? பஸ் ஏறி வந்துட்டன்.

இங்க வரைக்கும் சிரிப்புங்க. இதுக்கப்பறந்தான் வம்பு.

மாசியில கோகிலா பையனுக்கு, எங்க பேரனுக்கு, காதுகுத்து. சம்பந்தி ஊட்டுக் கொலதெய்வக் கோயில்ல கெடா வெட்டிப் பெரிய விருந்து. எங்க பக்கம் வழக்கம் என்னன்னா, சம்பந்திக ரெண்டு பேரும் மொதப் பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காரோணும். ரெண்டு பேரும் ஒண்ணா எலைய மடிச்சு ஒண்ணா எந்திரிக்கோணும். அதுல ஒருத்தன் பாதியில எந்திரிச்சுப் போயிட்டான்னு வெய்யுங்க, அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டாம். சண்டைன்னு ஒரு ஊருக்கே தெரிஞ்சு போயிரும். அந்தக் காலத்துல இப்படி எந்திரிச்சுப் போயி, பொண்ணையே திருப்பிக் கூட்டிட்டுப் போனவிய எல்லாம் இருக்கறாங்க.

அன்னைக்கு உக்காந்தமுங்க. சுத்தி அவிய பங்காளிக, எங்க ஒறம்பரை சனங்க, எல்லாரும் எங்க ரெண்டு பேரையுந்தான் பாக்கறாங்க. கொழம்பு ஊத்தியாச்சு. சம்பந்தி என்ற எலையப் பாத்து, "இங்க நல்லியா எடுத்து வெய்யுங்க"ன்னு பரிமாறற ஆளுககிட்டச் சொல்றாரு. எனக்கு வந்துருச்சு. பல்லக் கடிச்சுட்டு உக்காந்து பாத்தன். ரசத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரமிருக்குது. முடியலீங்க. பெசஞ்ச சோத்த அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு ஓடினன்.

கோயிலச் சுத்தி அத்தன சனம். ஒரு மறவுக்குப் போயிச் சேரறதுக்குள்ள வேட்டி நனைஞ்சு போச்சுங்க. காதுகுத்துக்குன்னு எடுத்த புது வேட்டி. ஒரு வேலா மரத்துக்குப் பின்னால நின்னு அழுதன். அறுவத்திரண்டு வயசுல, எச்சிக் கையோட நின்னுட்டு அழுதன். அந்த வேட்டியோட மறுபடி எப்படிப் பந்திக்குப் போறது? வண்டிய எடுத்துட்டு ஊட்டுக்கே வந்துட்டன். ஒருத்தருகிட்டயும் சொல்லிக்கல.

எங்கூட்டுக்காரி ராஜாமணி சாயங்காலமா ஆரு காருலயோ வந்தா. வந்தவ ஒண்ணுமே கேக்கலீங்க. வேட்டிய நானே அலசிக் கொடியில போட்டிருந்தன். நான் துணி தொவைச்சு அவ ஜென்மத்துல பாத்ததில்ல. அன்னைக்கும் அவ கவனிக்கல போல. நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டன்.

மறுநாள்ல இருந்து ஊரு பேச ஆரம்பிச்சுருச்சு. சம்பந்திக்கு எலும்பா உழுந்துச்சாமா, அதுல கோவமாம்னு ஒருத்தன். பேரனுக்குப் போட்ட கடுக்கன் எடை கம்மின்னு கோவமாம்னு ஒருத்தன். எனக்கே தெரியாத கோவமெல்லாம் எனக்கு இருந்துச்சுங்க. அதுகூடப் பரவால்ல. கோகிலா போன் பண்ணுச்சு. "அப்பா, எங்க மாமனாரு ரெண்டு நாளாச் சரியாச் சாப்படறதில்ல. நீங்க ஏன்ப்பா எந்திரிச்சுப் போனீங்க? எல்லாரும் எம்மொகத்தையே பாக்கறாங்க"ன்னு அழுவுது. என்ன சொல்லட்டும்? பொண்ணுகிட்டப் போயி இதச் சொல்ல முடியுங்களா? "ஒண்ணுமில்ல அம்மிணி, ஒரு சோலி இருந்துச்சு"ன்னன். அது வாழ்ற ஊட்டுல அது தல குனிஞ்சு நிக்குது, என்ற வேட்டியால.

கடைசியில அவரே வந்துட்டாருங்க. களத்துக்கு. தனியா, பழத்தட்ட எடுத்துட்டு. அத்தன பெரிய மனுசன், செதறிக் கெடக்கற தேங்காத் தொட்டி, செரட்டை மேலயெல்லாம் கால வெச்சு வர்றாரு. ஒடைக்கற ஆளுகள எல்லாம் டீ குடிக்க அனுப்பிச்சுட்டன்.

"சம்பந்தி, எங்க பக்கம் தப்பு இருந்தா இந்த எடத்துலயே சொல்லிருங்க. சபையில வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறன்"னாரு.

"தப்பு ஒண்ணுமே இல்லீங்க."

"அப்பறம் ஏன் எந்திரிச்சீங்க?"

"ஒரு சோலி இருந்துச்சுங்க."

"கறி போட்ட எலைய உட்டுட்டு என்னங்க சோலி?"

அவரு கேக்கறாரு, எனக்கு மறுபடியும் வந்துருச்சு. "ஒரு நிமிசம் இருங்க"ன்னுட்டுப் குமிச்சு வெச்சிருந்த பருப்புக்குப் பின்னால ஓடினன். வந்து உக்காந்தன். "என்ன சொல்லிட்டிருந்தீங்க"ங்கறதுக்குள்ள இன்னொருக்கா ஓடினன். திரும்பி வந்து பாத்தா, பழத்தட்டக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்துட்டு நிக்கறாரு.

"எத்தன நாளாய்யா இப்படி?"ன்னாரு.

அந்த 'ய்யா'வக் கேட்டு ரெண்டு வருசம் ஆயிருந்துதுங்க. எல்லாத்தையும் கொட்டிட்டன். ஐப்பசி, நெருஞ்சி முள்ளு, திருப்பூர் பழனிசாமி, வேலா மரம், எல்லாம். கேட்டுட்டுத் திட்டினாரு பாருங்க. "நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கறன், நீ முள்ள வேகவெச்சா குடிச்ச, அறிவிருக்குதா உனக்கு"ன்னு. களமே அதிந்துது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மறுநாளே கிளினிக் போனன். கதவச் சாத்தித் தாப்பாப் போட்டாரு. "இத பாரு சென்னியப்பா, தாப்பாப் போட்டாச்சுன்னா நீ பேசண்டு. தாப்பா எடுத்தாத்தான் சம்பந்தி. புரியுதா"ன்னாரு. எடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, முட்டிய நெஞ்சுக்கு மடக்கச் சொன்னாரு. கையுறையப் போட்டு, வழுவழுன்னு என்னமோ தடவிக்கிட்டு, "மூச்ச இழுத்து உடுய்யா"ன்னாரு. உட்டன். பின்பக்கமா ஒரு வெரல உட்டுத் தடவிப் பாத்தாரு. அவ்வளவுதானுங்க சங்கதி. வலியெல்லாம் இல்ல. ஒரு மாதிரி இருக்கும், சித்த நேரம். ஒரு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவற நேரங்கூட ஆகல. இதுக்குப் பயந்துட்டா திருப்பூர் வரைக்கும் போனம்னு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. படுத்துட்டே சிரிக்கறன். "சிரிக்காத, அசையுது"ன்னு அதுக்கும் திட்டு.

கட்டி கிட்டி ஒண்ணுமில்லைன்னுட்டாரு. வயசுக்கு வீங்கியிருக்குது, மாத்தரைல அடங்கும். ரத்தத்துலயும் டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க, சரியா இருந்துது. இப்பப் பாருங்க, காங்கயத்துல இருந்து அசையாம உக்காந்து வர்றன்.

ஆனா எனக்கு வாய் சும்மா இருக்காதுங்களே. அன்னைக்கு வேட்டியக் கட்டிக்கிட்டே, பேச்சுக்குத்தான், "ஏனுங்க டாக்டரே, உங்களுக்கு இத ஆரு பாத்தாங்க"ன்னு கேட்டன். கை கழுவிட்டிருந்தாரு. கழுவின கையவே மறுபடியும் கழுவறாரு.

"பாக்கோணும்"னாரு.

"எப்பங்க?"

"பாக்கோணும்யா. எங்க போறது சொல்லு. கோயமுத்தூர்ல இருக்கறவனெல்லாம் எனக்குத் தெரிஞ்சவனுக. கூடப் படிச்சவன், எங்கிட்ட வேல கத்துட்டுப் போனவன். அவனுக முன்னால போயி..."

முடிக்கலீங்க. முடிக்க வேண்டியதுமில்ல, எனக்கு அந்த வாக்கியம் நல்லாத் தெரியும். அவருக்கும் ராத்திரித் தூக்கமில்லையாமா, ரெண்டு வருசமா. ஊருக்கெல்லாம் பாக்கற மனுசன். இவருக்குப் பாக்க ஆளில்ல.

நான் என்ன செஞ்சன் தெரியுங்களா? "தாப்பாள எடுங்க"ன்னன். எடுத்தாரு. எடுத்ததும் நான் சம்பந்தி ஆயிட்டன். "இந்த மாசத்துக்குள்ள நீங்க போயிப் பாக்கலைன்னா, இனி உங்கூட்டுல நான் கை நனைக்க மாட்டன். பந்தியில எந்திரிச்சதுக்கு ஊரு காரணம் கேக்குதில்ல, ஆமா சண்டைதான்னு சொல்லிருவன்"ன்னன். பொண்ணக் குடுத்தவன் சாப்பட மாட்டன்னு சொன்னா அதுக்கு மேல மருந்தில்லீங்க. நாலாம் நாளே போயிட்டாரு.

போன எடத்துலதான் ரத்த டெஸ்ட்டுல அளவு எகிறிப் போயிக் கெடக்குதுன்னாங்க. தடவிப் பாத்ததுலயும் ஒரு பக்கம் கல்லாட்டம் தட்டுப்படுதாம். அப்பறந்தான் சதை எடுத்தது.

உங்களுக்கு அம்பது தாண்டியிருக்குமுங்களா? பாத்துட்டீங்களா? பாத்தீங்களா, சன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. சரி சரி, நான் கேக்கல. பொங்கலூரு தாண்டியாச்சா? பல்லடம் வந்துரும்.

காரு இருக்குதுங்க அவருகிட்ட. ஆனா அந்தக் காரு எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலும், சாயங்காலத்துக்குள்ள காங்கயத்துக்குச் சேதி வந்துரும். அதனாலதான் பஸ்ஸு. ஊட்டுல கோயமுத்தூர்ல ஒரு கல்யாணம்னு சொல்லியிருக்கறம். ரோசனை என்னுதுதான். ஒருத்தருக்கும் சந்தேகமே வரலீங்க. ராஜாமணி பாருங்க, கல்யாணத்துக்குப் போறவனுக்கு எதுக்குன்னு தெரியல, மாத்து வேட்டி ரெண்டு வெச்சிருக்கறா. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணாமா. "வெயிலு காலம்"ங்கறா. கௌம்பும்போது, "நல்ல சேதின்னா ஒடனே போன் பண்ணுங்க"ன்னா. கல்யாணத்துல என்னடி நல்ல சேதின்னு கேட்டதுக்கு முந்தானையில மொகத்தத் தொடைச்சுட்டு உள்ள போயிட்டா. புழுக்கம் தாங்காது அவளுக்கு.

மாப்பிள்ளதான் பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து உட்டாரு. கண்டக்டருகிட்ட, "இவியள ஆஸ்பத்திரி ஸ்டாப்புல பாத்து எறக்கி உடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறாரு. மண்டபம் அதுக்குப் பக்கத்துலன்னு நெனச்சுட்டாரு போல, பாவம். கோகிலா வேற வாசல்ல நின்னு மாமனாரு கையப் புடிச்சது உடவே இல்ல. இத்தன வெகுளியான குடும்பத்த நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

அவருதான் பாவமுங்க. பயம். டாக்டருக்குத்தான் பயம் சாஸ்தி, உள்ள என்னென்ன ஆகும்னு எல்லாந் தெரியுமில்ல. எனக்கென்னங்க பயம்? நீங்க உக்காந்ததுல இருந்து நிறுத்தாமப் பேசிட்டு வர்றன் பாருங்க, பயந்தவன் இப்படிப் பேசுவானா? நல்லதாத்தான் வரும். அப்படியே அதுவா இருந்தாலும், வெளிய பரவலைன்னா ஆப்பரேசன் இருக்குதாம், கரண்டு வெக்கறது இருக்குதாம், எத்தனையோ பேரு நல்லா நடமாடறாங்களாம். அவரேதான் சொன்னாரு. வேற ஆரோ ஒரு பேசண்டப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னாரு. எனக்கு வந்திருந்தா அவரு பாத்துக்குவாரு. அவருக்கு வந்தா நான் என்னத்தப் பாக்க முடியும், சொல்லுங்க? தேங்கா ஒடைக்கறவன்.

இருங்க. சம்பந்தி திரும்பிப் பாக்கறாரு.

இல்லீங்க, சும்மா பாக்கல. கம்பியப் புடிச்சிருக்கற கையப் பாருங்க. சதை எடுத்ததுல இருந்து அவருக்கு அடக்க முடியறதில்ல. அவரா நிறுத்தச் சொல்ல மாட்டாரு. செத்தாலும் சொல்ல மாட்டாரு, அந்த மனுசன். கொஞ்சம் இந்தப் பையப் புடிங்க.

கண்டக்டர் தம்பி. தம்பி, வண்டியச் சித்த ஓரங்கட்டச் சொல்லு சாமி. ஒண்ணுக்குப் போகோணும். எனக்குத்தான். பல்லடம் வரைக்கும் தாங்காதுய்யா, இங்கயே நிறுத்து. ஆமா, வயசாளிதான், ஏறும்போதே போயிட்டு ஏறியிருக்கோணுந்தான். சிரிக்கறவிய சிரிச்சுக்குங்க. அம்மா, காலக் கொஞ்சம் மடக்குங்க, முன்னால போயிக்கறன்.

சம்பந்தி, எந்திரிங்க. நீங்களும் கூட வாங்க. தனியா எறங்க எனக்குப் பயமா இருக்குது.